படத்தின் ஓரத்தில் ஆயா

மண்ணுக்குள் போய் நாற்பது நாளான ஒருவரின் மரணச் செய்தியை இன்று வெளியிட்டால், எந்தத் தேதியைப் போடுவது? எங்கள் தோட்டத்துக் கோயிலின் இணையப் பக்கத்தைத் திருத்துவதற்காகத் திறக்கும்போதெல்லாம், திரையின் வலது மூலையில் உள்ள ஒரு சின்னக் கட்டம் என்னிடம் அதைத்தான் கேட்கிறது. முகப்பில் இன்னமும் ஆடித் திருவிழாப் படம்தான் இருக்கிறது. அதன் இடது ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரியும். கஞ்சி கொட்டி வெந்த வடு உள்ள கை. ஆயாவின் கை.

தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகையைப் பல வருடங்கள் பார்த்துக்கொண்டவர் அவர். நான் தோட்டத்துப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தபோது என் மகளையும் அவர்தான் வைத்திருந்தார். பனி விலகாத காலையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, நான்கு அடி நடந்து, திரும்பி வந்து, காய்ச்சல் இருக்கிறதா என்று மறுபடி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். "போ டீச்சர். அவ நல்லாத்தான் இருக்கா. ஒனக்குத்தான் காய்ச்சல்" என்பார். அவருக்கு ஒரே மகன். விரும்பிய பெண்ணைக் கட்டிக்கொண்டதற்காக அப்பா வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட, மலேசியாவின் தென்கோடியில் ஜொகூர் பக்கம் போனவர் போன் நம்பர்கூடக் கொடுக்கவில்லை. சில வருடங்கள் கழித்து அந்த அப்பா இறந்தார். கோயிலின் இணையப் பக்கத்தில் நான் செய்தி போட்டேன். மறுநாள் மதியம் மகன் வந்து நின்றார். குடம் உடைத்துவிட்டு, கேட்டவர்களிடம் "பக்கத்துல பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஈர வேட்டியோடு காரேறிப் போய்விட்டார்.

அன்று முதல் ஆயாவுக்கு அந்தப் பக்கம்தான் மகன் வீட்டு ஜன்னல். "அவன் தெனமும் பாக்கறான் டீச்சர். இல்லாட்டி எப்படித் தெரியும்?" திருவிழாவானாலும், எல்லோரும் கூடிக் கோயிலைச் சுத்தம் செய்யும் சிரமதானமானாலும், நான் படம் எடுக்கப் போகிறேன் என்றால் முகம் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஆனால் ஓரத்தில்தான் நிற்பார். நடுவில் வரச் சொன்னால், "தாலி அறுத்தவ நடுவுல நின்னா நல்லாவா இருக்கும்? ஓரமே போதும் லா. அவனுக்கு ஆத்தாளத் தேடத் தெரியும்" என்பார். அப்படியே நாலைந்து திருவிழாக்கள் போயின.

இந்த வருடம், பக்கத்தை நடத்தும் மென்பொருளின் பழைய பதிப்பு இனி வேலை செய்யாது என்று கடிதம் வந்தது. கோயில் கமிட்டி யாரையோ வைத்துப் புதிய பதிப்புக்கு மாற்றியது. படித்தவள் நீதானே, பார்த்துக்கொள் என்றார் தலைவர். பழையதில் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே கை போகும். புதியதில் எழுதும் இடம் கட்டம் கட்டமாகப் பிரிந்து கிடந்தது. பட்டியல்கள் சின்னச் சின்னக் குறிகளுக்குள் ஒளிந்துகொண்டன. எந்தப் படத்தைப் போட்டாலும் அதுவே நடுவைப் பிடித்துச் சதுரமாக வெட்டிக்கொண்டது. ஆடிப் படத்தை நான் மூன்று நாள் இழுத்துப் பார்த்தேன். சேமித்ததும் மறுபடி நடுவுக்கே போனது. ஓரத்தில் நின்றவரின் கை மட்டும் மிஞ்சியது. போனில் காட்டியபோது ஆயா நெடுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பரவால்ல, வடு இருக்குல்ல. கண்டுபுடிச்சுருவான்." அடுத்த படத்துக்காவது நடுவில் நில்லுங்கள் என்று கெஞ்சினேன். பார்க்கலாம் என்றார். அடுத்த படம் இல்லை.

ஒரு காலையில் கஞ்சிப் பானையை இறக்கி வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, இணைய லைன் கிடைக்கும் மேட்டு வீட்டுக்கு மடிக்கணினியோடு ஏறிப்போய்ச் செய்தியைத் தட்டினேன். இன்று காலை காலமானார், நாளை மாலை நல்லடக்கம். 'பப்ளிஷ்' பொத்தானை அழுத்தினேன். மகள் வீறிட்டு அழுதாள். மடிக்கணினியை மூடிவிட்டுத் துக்க வீட்டுக்கு ஓடினேன். பழைய பதிப்பில் ஒரு முறை அழுத்தினால் போதும். புதியதில் அழுத்தியதும் பக்கவாட்டில் இன்னொரு பலகை திறந்து, நிச்சயமாகவா என்று கேட்டு, அதே பெயரில் இரண்டாவது பொத்தானைக் காட்டும். இது எனக்குத் தெரியும். அதற்கு முன் பத்து முறையாவது செய்திருக்கிறேன். அன்று மட்டும் எப்படி விட்டேன்?

மறுநாள் நான்கு மணி தாண்டியும் உடலை எடுக்கவில்லை. மகனுக்காகக் காத்திருந்தோம். மழை மேலே கட்டிக்கொண்டு நின்றது. "பக்கத்துல போட்டாச்சுல்ல டீச்சர்?" என்று தலைவர் கேட்டார். போட்டாச்சு என்றேன். ஐந்தரைக்கு ஆயாவின் தம்பி மகன் குடம் உடைத்தான். "அப்பனுக்கு வந்தவன் ஆத்தாளுக்கு வரல பாரு, கல்லு மனசுக்காரன்" என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். நானும் தலையை ஆட்டினேன். மனதுக்குள் அவர்களைவிட மோசமாகத் திட்டினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அறிவிப்பு எழுதப் போனபோதுதான் பார்த்தேன். பட்டியலில் என் பழைய செய்தி சாம்பல் நிறத்தில், 'டிராஃப்ட்' என்ற சொல்லோடு, வெளியே போகாமலே கிடந்தது. தோட்டத்தில் இருப்பவர்கள் யாரும் பக்கத்தைப் பார்ப்பதில்லை. வெளியூர்ச் சொந்தங்களுக்கு அவரவர் ஆட்களே போன் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்தை நம்பி இருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். காரியத்துக்கு அறிவிப்பும் போடாமல் மூடிவிட்டேன்.

என் கணவரிடம் மட்டும் சொன்னேன். "செத்த அன்னிக்குத் தேதியவே போட்டு விட்டுரு. யாருக்குத் தெரியும்? பாக்காம விட்டது அவன் தப்புன்னு ஆயிடும்" என்றார். முடியும். அந்தக் கட்டத்தில் எந்தத் தேதியையும் போடலாம். இந்தப் புதிய பதிப்பில் எனக்கு எளிதாக வருவது அது ஒன்றுதான். போட்டால், இத்தனை நாளும் அம்மா செத்த செய்தி கண்முன்னே இருந்தும் பார்க்காமல் போனோமே என்று அவர் சாகும்வரை நினைப்பார். இன்றைய தேதியைப் போட்டு நடந்ததை எழுதினால், தாய் ஐந்தரை மணிவரை தனக்காகக் காத்துக் கிடந்ததும், ஊர் தன்னைத் தூற்றியதும், எல்லாம் ஒருத்தி ஒரு பொத்தானை அழுத்தாததால் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். எது அவருக்குக் குறைவாக வலிக்கும் என்று யோசிப்பதாகச் சொல்லிக்கொண்டு, எது எனக்குக் குறைவாக வலிக்கும் என்றுதான் யோசிக்கிறேனோ என்றும் தெரியவில்லை.

எழுதாத ஒவ்வொரு நாளும் அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, வடு உள்ள கையைப் பார்த்து, அம்மா இருக்கிறார் என்று மூடிக்கொண்டிருக்கலாம். படிக்கிற உங்களில் பெற்றவளைப் பிரிந்து தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். உங்களுக்கு என்றால், அந்தக் கட்டத்தில் நான் எந்தத் தேதியைப் போட வேண்டும்?