ரசமட்டம் பதித்த வெள்ளைக் கற்கள்

தெருவில் எல்லோரும் அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவியின் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் போன காரியத்தை விட்டுவிட்டு, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடித் தரையைப் பார்ப்பார். "வாசப்பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கு" என்பார். அதற்கப்புறம் அவருக்குக் காபி கொடுக்க யாருக்கு மனசு வரும்?

வயசில் பாதிக்கு மேல் மண்டியிட்டே மார்பிளும் டைல்ஸும் பதித்தவர். கடைசியில் முழங்கால்கள் இரண்டும் கையை விரித்துவிட்டன. சும்மா உட்காரத் தெரியாத மனிதர், மொட்டைமாடியில் ஒரு மீன்தொட்டி வைத்தார். அதற்கு மேலே, இடுப்பு உயரத்தில், கல் நிரப்பிய இன்னொரு தொட்டி. அதில் மிளகாய்ச் செடிகள். மீனின் கழிவு கலந்த தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். செடிகள் சத்தை எடுத்துக்கொள்ள, தெளிந்த தண்ணீர் மீனுக்கே திரும்பி வரும். மண்ணும் வேண்டாம், மண்டியிடவும் வேண்டாம்.

அவர் மனைவி வீட்டிலேயே சமைத்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறவர். யார் போன் செய்தாலும் அவர்தான் எடுப்பார். "அவரா? மாடியில சும்மாதான் இருக்காரு, கூப்பிடுறேன்." அந்தச் 'சும்மா' ஒவ்வொரு தடவையும் ரசமட்டத்துக்குச் சுருக்கென்று தைக்கும்.

அப்படி வந்த ஒரு போன் கான்ட்ராக்டருடையது. பெரிய வீடு, முழுக்க மார்பிள். பூச்சு வேலை முடிந்ததும் தரை வேலைக்கு இவர்தான் வர வேண்டுமாம். ரசமட்டம் பிடிகொடுக்காமல் பேசி வைத்தார். மிளகாய் தேறினால் முடியாதென்று தைரியமாகச் சொல்லிவிடலாம். தேறாவிட்டால் மறுபடி முழங்கால்தான்.

மிளகாயோ தேறுகிற மாதிரியே இல்லை. கொழுந்தெல்லாம் வெளிறி மஞ்சளாகிவிட்டது. பூச்சியென்று நினைத்து இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றுமில்லை. பசியென்று நினைத்து மீனுக்குத் தீனியைக் கூட்டினார், மீன்கள்தான் கொழுத்தன.

கடைசியில் வண்ணமீன் கடைக்காரரை அழைத்து வந்தார். அவர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, அடியில இருக்குற பழைய இலை பச்சையா இருக்கு. கொழுந்துலதான் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. இது இரும்புச் சத்துக் குறை."

"அப்ப ரெண்டு ஆணியைத் தூக்கிப் போடட்டுமா?"

"போட்டாலும் செடி எடுத்துக்காது. தண்ணி சரியில்ல."

சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டார். நீலமாக மாறியது. பி.எச்., அதாவது தண்ணீரின் காரத்தன்மை, ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, அதனால்தான் செடிக்கு இரும்பு சேரவில்லை என்றார். அதைக் குறைக்க ஒரு திரவம் கொடுத்தார். குறைந்தது, இரண்டே நாளில் பழையபடி ஏறிக்கொண்டது. மறுபடி ஊற்ற, மறுபடி ஏற, "உள்ள ஏதோ ஒண்ணு ஏத்திவிட்டுக்கிட்டே இருக்குண்ணே" என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

அன்று இரவு சாப்பாட்டில் ரசமட்டத்துக்கு மனசில்லை. ஆனாலும் சமையல் மேடையில் மனைவி நறுக்கிய எலுமிச்சம்பழத்தை வைத்தது மட்டும் கண்ணில் பட்டுவிட்டது. அந்த மார்பிள் மேடை அவர் கைவேலை.

"எத்தனை தடவை சொல்றது? புளிப்பு பட்டா கல்லு கரையும்னு."

"ஆமா, கரையும். ஊருக்கெல்லாம் சொல்லுங்க." பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தவர், கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "ஏங்க, மாடித் தொட்டியில நீங்க கொட்டியிருக்கிறதும் இதே கல்லுதானே?"

ரசமட்டம் வாயில் வைத்த கவளத்தை மெல்ல மறந்தார்.

வேலையிடங்களில் மிஞ்சிய மார்பிள் சில்லுகள். ஒவ்வொன்றாகக் கழுவி, மேல்வரிசையை ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பதித்திருந்தார். ஒரு மிளகாய்த் தொட்டிக்கு அப்படியொரு தரை உலகத்திலேயே கிடையாது. இன்னொருவர் என்றால் கிடைத்த ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருப்பார். இருவரும் மாடிக்குப் போய் எலுமிச்சைச் சாற்றை ஒரு சில்லின் மேல் பிழிந்தார்கள். பொடிப்பொடியாக நுரைத்தது. தொட்டித் தண்ணீரும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறது; கரைந்த கல்தான் பி.எச்.சை ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் காலை அந்தத் தரையைத் தன் கையாலேயே பெயர்த்தார். மனைவி செடிகளை வேரோடு வாளியில் தாங்கிக்கொள்ள, கருங்கல் ஜல்லி உள்ளே போனது. மேடும் பள்ளமுமாக இருந்ததைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைக்காரர் கொடுத்த இரும்புச் சத்தையும் தண்ணீரில் கலந்தார். பழைய மஞ்சள் இலைகள் அப்படியேதான் கிடந்தன. ஆனால் அடுத்து விட்ட கொழுந்து பச்சையாக வந்தது. அதற்கடுத்ததும் பச்சை. பிறகு பூ, பிஞ்சு, காய்.

மனைவி சமையலுக்கு மிளகாய் பறிக்க மாடிக்கு வந்திருந்தபோது போன் அடித்தது. பேசியது கான்ட்ராக்டர், பூச்சு முடிந்துவிட்டதாம்.

மனைவி, தொட்டிக்குப் பின்னால் மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார். மடியிலிருந்த மிளகாயைப் பார்த்தார்.

"அவர் வேலையில இருக்காருங்க," என்றார். "இனிமே தரை வேலைக்கெல்லாம் வரமாட்டாரு. வேற ஆளைப் பாத்துக்கங்க."

ரசமட்டத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மனைவி பார்த்துவிடக் கூடாதென்று, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, அந்த மேடுபள்ள ஜல்லியை வெகுநேரம் மட்டம் பார்த்தார்.