சொல்லிக்கொள்ளாமல் போகிற வீடு

எனக்குக் கல்யாண வீட்டைவிடத் துட்டி வீடு பிடிக்கும். இதை இப்படி வெளியே சொல்லக்கூடாது என்பது என் மனைவி இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவதைத் துட்டி கேட்பது என்போம். கேட்பது என்று பேரே தவிர, அங்கே போய் நாம் ஒன்றும் கேட்கவேண்டியதில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே பன்னீரைத் தெளித்துச் சட்டையை நனைத்துவிடுவார்கள். ஸ்பீக்கர் நெஞ்சுக்குள் புகுந்து அடிக்கும். எப்போது வந்தீர்கள் என்று கேட்பார்கள். ஒன்பது நாற்பதுக்கு என்று சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள். கேட்டதற்குத்தானே ஐயா பதில் சொன்னேன்? கடைசியில் மேடையேறி, முன்பின் தெரியாத மாப்பிள்ளையின் பக்கத்தில் நின்று போட்டோ வேறு எடுக்கவேண்டும். போட்டோக்காரர் ‘சார், கொஞ்சம் சிரிங்க’ என்பார். நான் அதுவரை சிரித்துக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

துட்டி வீட்டில் இந்த வம்பே கிடையாது. யாரும் வாருங்கள் என்று கூப்பிடமாட்டார்கள். நாமும் பல்லைக் காட்டக்கூடாது. பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுதான் மரியாதை. யாராவது பாலில்லாத ஒரு கட்டன்காப்பியைக் கையில் தருவார்கள். அரைமணி நேரம் கழித்து எழுந்து போய்விடலாம். போகும்போது ‘போயிட்டு வாறேன்’ என்று மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த வீட்டுக்கே மறுபடியும் துட்டிக்கு வரவேண்டி வரும், இன்னொரு சாவு விழும் என்பார்கள். மற்ற வீடுகளில் நான் செய்து ஏச்சு வாங்குகிற காரியம் அத்தனையும் இந்த ஒரு வீட்டில் ஒழுங்கு.

அந்தக் கடைசி விதியை நான் கற்றது ஒன்பது வயதில். தெருக்கோடியில் ஒரு துட்டி வீட்டில், எனக்குச் சொல்லித்தந்திருந்த நல்ல பழக்கத்தின்படி, எல்லோருக்கும் கேட்கும்படி ‘போயிட்டு வாறேன்’ என்று சொன்னேன். அப்பா அங்கேயே மண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார். அதற்குப் பிறகு முப்பத்தேழு வருஷம் அந்த வார்த்தை எந்தத் துட்டி வீட்டிலும் என் வாயில் வந்ததில்லை. எனக்கு ஒரு விதியைக் கொடுத்துவிட்டால் நான் அதை விடமாட்டேன்.

ஒருமுறை என் பெரியப்பா தன் அறுபதாம் கல்யாணத்துக்கு அழைக்க வீட்டுக்கு வந்தார். எனக்குக் கூட்டம் ஆகாது, அதனால் வரமுடியாது, ஆனால் உங்கள் துட்டிக்குக் கட்டாயம் வருவேன், முதல் ஆளாக வந்து கடைசிவரை இருப்பேன் என்று மனசாரச் சொன்னேன். நான் யாருக்கும் அப்படி வாக்குக் கொடுத்ததில்லை. பெரியப்பா அழைப்பிதழைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் மனைவி அன்று முழுவதும் தலையிலடித்துக்கொண்டாள்.

நாகர்கோவிலில் ஒரு கட்டட அலுவலகத்தில் வீட்டுப் பிளான் வரைவது என் தொழில். நாற்பத்துநாலு வயதில், ஒரு வாடிக்கையாளர் ஆசையாகச் சொன்ன யோசனைக்கு ‘இப்படிக் கட்டினால் அடுப்பங்கரையில் இருந்து வெளியே வர உங்கள் மனைவி கக்கூஸ் வழியாகத்தான் வரவேண்டும்’ என்று சொன்னதில் பெரிய ரகளையாகிவிட்டது. நான் சொன்னது சரி. ஆனாலும் முதலாளி ஒரு மாதம் வீட்டில் இரும் என்றார். மனைவி என்னை ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் மூன்று நாள் கேள்வி கேட்டார். நான் அவருடைய படிவத்தில் இருந்த நான்கு எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். கடைசியில், முன்பு ஆஸ்பெர்ஜர் என்று சொல்லுவோம், இப்போது ஆட்டிசம் என்றே சொல்லுகிறோம், இது நோயில்லை, பிறவியிலேயே மூளை இப்படித்தான் என்றார். மனைவி, ‘அப்ப இது திமிரு இல்லியா டாக்டர்?’ என்று கேட்டாள். இல்லை என்றார். பதினெட்டு வருஷமாகத் திமிர் என்று நினைத்துக் குடும்பம் நடத்தியவள், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

அந்த டாக்டர்தான் என்னைப் போன்ற பெரியவர்களை இரண்டாம் சனிக்கிழமைகளில் ஓர் அறையில் கூட்டிவைத்தார். முதல் நாள் எட்டுப் பேர். வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டோம். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். நாற்பது நிமிஷம் ஒரு சத்தம் இல்லை. அப்புறம் ஒருவர் ‘ஃபேன் கிரீச்சுங்கு’ என்றார். அவ்வளவுதான், எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் சுவிட்சை அணைக்க எழுந்துவிட்டோம். சித்திரை மாத வேக்காட்டில் ஃபேன் இல்லாமல், வேர்த்து வழிந்துகொண்டு, அவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தோம். டாக்டர் மட்டும் விசிறிக்கொண்டிருந்தார். என் ஆயுசில் முதல்முறையாக நான் பெரும்பான்மைக் கட்சியில் இருந்தேன்.

போகப்போக எட்டு மூன்றாகிவிட்டது. ஃபேனைச் சொன்னவர் பூதப்பாண்டிக்காரர், ஐம்பத்திரண்டு வயது, கல்யாணமாகவில்லை, பம்புசெட் பழுது பார்ப்பவர், அம்மாவோடு இருந்தார். இன்னொருத்தி குலசேகரத்துக்காரி, ரப்பர் பால் பரிசோதனை செய்கிற இடத்தில் வேலை. அவளை யாரும் தொடக்கூடாது. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடுவதில்லை, நேரே விஷயத்தைத்தான் சொல்வோம். வாட்ஸாப்பில் ஒரு குழு வைத்துக்கொண்டோம். குட்மார்னிங் படம், பொம்மை முகம், நலமா என்ற கேள்வி, மூன்றுக்கும் தடை. பூதப்பாண்டிக்காரர் காலை சரியாக ஆறு மணிக்குப் பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டத்தை அனுப்புவார். நாங்கள் இரண்டுபேரும் ‘சரி’ என்று போடுவோம். இரண்டு வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. என் கூடப் பிறந்தவர்களோடு நான் இவ்வளவு பேசியதில்லை.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாயாவுக்குச் சீனி இல்லையென்று அவர் கடைக்குக் கிளம்பினார். வாசலில் அம்மா மறித்து, ‘சொல்லிட்டுப் போ மக்கா’ என்றார். அந்த ஐம்பத்திரண்டு வயது மனிதர் நின்று திரும்பி, போயிட்டு வாறேன் என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினார். பக்கத்துக் கடைக்குத்தான். அவர் போனதும் அம்மா என்னிடம், தனக்குப் பிறகு இவனிடம் யார் வந்து போவார் என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியாது என்றேன். அப்போது எனக்கு உண்மையாகவே தெரியாது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். ‘நாங்க இருக்கோம்னு ஒரு வார்த்த சொன்னா உம்ம வாயில உள்ள முத்து உதிர்ந்திருமா?’ என்றாள். அந்தப் பதில் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேன். அதுமுதல் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஆறு மணிக்கு நீர்மட்டம் வரவில்லை. ஆறு ஒன்றுக்குக் குலசேகரத்துக்காரி, ‘நீர்மட்டம் வரவில்லை’ என்று எழுதினாள். நான் ‘ஆம்’ என்றேன். போன் செய்து பார்க்கலாமே என்று மனைவி சொன்னாள். முன்கூட்டிச் சொல்லாமல் போன் செய்வது எங்களுக்குள் வழக்கமில்லை. அன்று எனக்குத் தோசை இறங்கவில்லை. ஒன்பது நாற்பதுக்குச் செய்தி வந்தது. முதலில் நீர்மட்டம். அடுத்த வரியில்: அம்மா நாலு ஐம்பதுக்கு இறந்துவிட்டார். அதற்கடுத்த வரியில்: மழை இல்லை.

பதினொன்றரைக்கு நான் பூதப்பாண்டியில் இருந்தேன். துட்டி வீடுகளில் எனக்கு இருக்கிற நிம்மதி அன்று இல்லை. பூதப்பாண்டிக்காரர் பந்தல் வாசலில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவருக்கும் அம்மா இறந்த கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு இட்லி, எட்டரைக்கு மாத்திரை, மூன்றே காலுக்கு இருமல் என்று ஒன்று விடாமல். எப்படி ஆச்சு என்று கேட்டால் அவர் வேறு என்னதான் சொல்லுவார்? ஒரு பெரியவர் பாதியில் தோளைத் தட்டி, சரி விடு மக்கா என்றார். ‘இன்னும் முடியல்ல’ என்று அவரை நிறுத்திவைத்து மிச்சத்தையும் சொன்னார்.

குலசேகரத்துக்காரி இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினாள். உள்ளே பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அம்மாவின் காலடியில் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வெளியே வந்து, ஆண்கள் வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு அம்மாள் வந்து, உள்ளே வா மோளே என்று கையை நீட்டினார். ‘கெட்டிப்பிடிச்சா எனக்கு மூச்சு முட்டும். நான் இங்க இருந்து சங்கடப்படுகேன்’ என்றாள். துக்கப்படுவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சடங்கையெல்லாம் முன்னின்று நடத்தியவர் பூதப்பாண்டிக்காரரின் தாய்மாமா. அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் காதருகே குனிந்து, ‘பெத்த தாயாக்கும் கெடக்கா. ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா, பாத்தேரா?’ என்றார். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. பூதப்பாண்டிக்காரர் கையில் அம்மாவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார், டக், டக் என்று. நான் வந்ததிலிருந்து அது நிற்கவே இல்லை. பெருவிரல் சிவந்து கன்றிப்போயிருந்தது. ‘கண்ண ஏன் பாக்கீரு? கையப் பாரும்’ என்றேன். மாமாவுக்குப் புரிந்ததா தெரியாது, எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பூதப்பாண்டிக்காரர் கொள்ளி வைத்துக் குளித்துவிட்டு வந்து, ஈர வேட்டியோடு மறுபடியும் பந்தல் வாசலில் போய் நின்றுகொண்டார். ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, அவர் பக்கம் திரும்பாமல் போனார்கள். அப்படித்தான் போகவேண்டும். ஐந்து மணிக்கு மாமாவும் இன்னும் இரண்டு பேரும் நாங்களும்தான் மிச்சம். எனக்குக் கடைசி நேரடி பஸ் ஐந்து இருபதுக்கு. எழுந்தேன். முறைப்படி தரையைப் பார்த்துக்கொண்டே அவரைக் கடந்தேன்.

‘நூத்திப் பதினேழு’ என்றார் பின்னாலிருந்து.

நின்றேன்.

‘நூத்திப் பதினேழு பேரு போயாச்சு. ஒருத்தரும் வாறேன்னு சொல்லல்ல.’

துட்டி வீட்டில் சொல்லக்கூடாது, அது விதி என்று விளக்கினேன். ‘தெரியும்’ என்றார். ‘விதி தெரியும். ஆனா ஒருத்தரும் சொல்லல்லியே.’ பெட்டி டக், டக் என்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அந்த அம்மா வாசலை மறித்து நின்றதும், என்னிடம் கேட்டதும், தெரியாது என்று நான் சொன்னதும் நினைவுக்கு வந்தன. மண்டையில் அப்பா குட்டிய இடம் நிஜமாகவே வலித்தது.

‘போயிட்டு வாறேன்’ என்றேன். பயத்தில் குரல் பெரிதாக வந்துவிட்டது. ‘நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கு வாறேன்.’

மாமா நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். அபசகுனம், வாயில் போட்டுக்கொள்ளும், வாயில் போட்டுக்கொள்ளும் என்று என்னைப் பார்த்துக் கத்தினார். அந்த நேரத்தில் குலசேகரத்துக்காரி எழுந்து வந்து, போனில் எதையோ பார்த்துவிட்டு, ‘நானும் போயிட்டு வாறேன். ஆனா ஆறு மணிக்குப் பஸ் இல்ல. ஏழே காலு ஆவும்’ என்றாள். மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பூதப்பாண்டிக்காரர் பெட்டியை மூடி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். ‘ஆறு. ஏழே காலு. சரி’ என்றார்.

மறுநாள் ஆறு மணிக்கு நான் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மனைவி ஐந்து மணிக்கே எழுந்து இட்லி அவித்து மூன்று பேருக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். பூதப்பாண்டிக்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தார். என் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். நீர்மட்டம். அதற்குக் கீழே: வந்தவர் ஒன்று.

நான் ‘சரி’ என்று போட்டேன். ஏழு பதினாறுக்கு இன்னொன்று வந்தது. வந்தவர் இரண்டு. ஒரு நிமிஷம் தாமதம்.