தனியாக எடுத்து வைக்காத கத்தி

அந்தக் கத்தியின் கைப்பிடி தேன் நிறத்தில் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மெல்லிய புகை ஓடுவதுபோல் தெரியும். என் கணவர் புதுச்சேரியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அதை வாங்கிவந்த அன்று, சட்டையைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் நின்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில், சூளைப் பிரிவில் அவருக்கு வேலை. பகலெல்லாம் அனலில் நின்றுவிட்டு வந்தவர், குளித்ததும் பீரோவிலிருந்து அந்த மரப்பெட்டியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பழைய மடக்குக் கத்திகள், மொத்தம் பதினேழு. ஒன்றைக்கூட எதையும் நறுக்கப் பயன்படுத்தியதில்லை. எனக்கு அவற்றின் மேல் பிரியமும் இல்லை, வெறுப்பும் இல்லை.

பெரும்பாலான கைப்பிடிகள் செல்லுலாய்டு. ஒரு காலத்தில் சீப்பும் பொம்மையும் செய்த பொருள் என்று சொல்வார். பார்க்க அழகு, ஆனால் வயதானால் தானாகவே கெடும். முதலில் வியர்த்தாற்போல் பிசுபிசுக்கும், பிறகு பொடிப்பொடியாக வெடிப்பு விடும், கடைசியில் கற்கண்டுபோல் உதிரும். அப்போது கிளம்பும் ஆவி அமிலம். அது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அரித்துவிடும். அதனால் பெட்டியைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்து வைப்பார். ஒவ்வொன்றாக முகர்ந்தும் பார்ப்பார். "கற்பூர வாசன இருக்கற வரைக்கும் பயமில்ல. காரமா மூக்குல ஏறுச்சின்னா போச்சு" என்பார்.

சிறுநீரகம் கெட்டு அவரைப் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகன் கூட இருந்தான். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ்ஸில் போய் வந்தேன். முதல் வாரமே சொன்னார்: "அந்தத் தேன் கலரு கத்தி வேர்க்க ஆரம்பிச்சிருக்குது. வூட்டுக்குப் போனதும் அத எடுத்துத் தனியா வையி. இல்லன்னா மத்ததும் கெட்டுடும்."

"சரிங்க" என்றேன்.

துணி துவைத்து, கஞ்சி வைத்து, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கவே நேரம் சரியாக இருந்தது என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. பீரோவைத் திறக்க ஒரு நிமிடம் போதும். நான் சாப்பிட்டேனா என்று கேட்காதவர் கத்தியைப் பற்றிப் பேசுகிறாரே என்று மனம் இறுகியிருந்தது. அடுத்த முறை போனதும் கேட்டார்.

"தனியா எடுத்து வெச்சியா?"

"வெச்சிட்டேங்க."

"எங்க?"

"ஜன்னல் மேடையில, ஒரு தட்டுல."

யோசிக்காமலே வந்தது பொய். "காத்து படற எடம்தான். நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பத்து நாளில் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. காலையில் எழுந்தேன், ரேஷனுக்குப் போனேன், சமைத்தேன். சேலை எடுக்கும்போது கையில் பெட்டி இடிக்கும்; தள்ளி வைப்பேன். அப்படியே எட்டு மாதம் போயிற்று.

போன மாதம் சேத்தியாத்தோப்பிலிருந்து அவருடைய நண்பர் வந்தார். சைக்கிள் கடைக்காரர், அவரும் கத்தி சேர்ப்பவர். 'எனக்குப் பிறகு பெட்டி உனக்குத்தான்' என்று என் கணவர் அவரிடம் சொல்லியிருந்தாராம். நான் பெட்டியை எடுத்துவந்து கொடுத்தேன். மூடியைத் திறந்ததும் நெடி கண்ணில் எரிந்தது. தேன் நிறக் கைப்பிடி இருந்த இடத்தில் பழுப்புத் தூள். சுற்றியிருந்த கத்திகளின் அலகெல்லாம் செந்துரு, பித்தளையெல்லாம் பச்சை. ஓரத்தில் இருந்த இரண்டு மட்டும், கொம்புப் பிடி போட்டவை, ஓரளவு தப்பியிருந்தன.

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி எல்லாத்தையும் தின்னுருக்குது. அத மட்டும் தனியா எடுத்து வெச்சிருந்தா மத்தது நின்னிருக்கும். அண்ணன் ஒண்ணும் சொல்லலீங்களா?"

"இல்லீங்க" என்றேன். "அவரு ஒண்ணும் சொல்லல."

"ஒடம்பு முடியாததுல மறந்துருப்பாரு."

"ஆமாங்க" என்றேன். சர்க்கரை போடலாமா என்று கேட்டுவிட்டு, டீ வைக்க உள்ளே போனேன்.