மண்ணிலிருந்து வந்த இருமல்

என் சிறுநீரகம் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்த மறுவருடம் அவனுக்கு இருமல் வந்தது. வைத்த உறுப்பை உடம்பு ஒதுக்காமலிருக்க அவன் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். அதனாலேயே எதிர்ப்புச் சக்தி குறைந்துபோகும், கவனம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

சங்கரன்கோவிலில் எக்ஸ்ரே எடுத்தோம். வலது நுரையீரலில் வெள்ளையாக ஒரு திட்டு. சளியில் கிருமி தெரியாவிட்டாலும் காசநோயாகத்தான் இருக்கும் என்று மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினான். ஒரு நாள் துப்பியதில் ரத்தம் இருந்தது. அப்படியே காரில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே மூக்கு வழியாகக் குழாய் விட்டு நுரையீரலிலிருந்து நீர் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள். அது மெதுவாகத்தான் வளருமாம். நாங்கள் வராந்தாவில் காத்துக் கிடந்தோம். கடைசியில் டாக்டரம்மா கூப்பிட்டு, இது காசநோய் இல்லை, நொகார்டியா என்றார். மண்ணில் இருக்கும் பாக்டீரியா, நல்ல உடம்பை அநேகமாக ஒன்றும் செய்யாது என்றார். தூசியில் நின்றாரா என்று கேட்டார். பனவடலிசத்திரத்தில் எங்கள் காட்டில் விளைந்த உளுந்தை மிஷினில் அடித்தபோது முழுநாளும் பக்கத்தில் நின்றிருக்கிறான். அதிலிருந்துதான் வந்ததென்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் அவர்.

கோயிலிலிருந்து அம்மா புற்றுமண் கொண்டுவந்திருந்தாள். இதைக் கேட்டபின் அவன் நெற்றியில் பூசக் கை வரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு அழுதாள்.

கிருமிக்கு மருந்து உண்டு, ஆனால் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையையும் குறைக்க வேண்டும், அப்படிச் செய்தால் சிறுநீரகம் கெட்டுப்போகலாம் என்றார்கள். தம்பி சம்மதிக்கவில்லை. ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, "நீ தந்த கிட்னி போயிருமேக்கா" என்றான்.

"போனா போவுது. ஒனக்கு மூச்சு நின்னுட்டா அத வச்சு நான் என்னலே செய்ய?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மாத்திரையைக் குறைக்கச் சொல்லி நானே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். படியில் உட்கார்ந்தபோது, ஆபரேஷன் தழும்பின்மேல் என் கை இருந்தது.

பல மாத மருந்தில் நுரையீரல் தெளிந்தது. சிறுநீரகம் தாங்கவில்லை. இப்போது திருநெல்வேலிக்கு டயாலிசிஸுக்குப் போய்வருகிறோம். முதல் தடவை ஊசி ஏற்றியபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏறி இறங்கும் அவன் நெஞ்சையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.