பெயிண்டுக்கு அடியில் இருந்த இரும்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். திருப்பதியிலிருந்து காலை முதல் பஸ் பிடித்து சித்தூருக்கு ஓடும் நாட்களில் இன்னும் கொஞ்சம் கூடுதல். அன்றைக்குப் போனது ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு. சீசன் தொடங்கும் முன்னால் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, ஒவ்வொரு மெஷினுக்கும் நேரே ஒரு எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நாலு வருஷமாக அங்கே கையெழுத்து என்னுடையதுதான்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மெஷினுக்குள்ளே வயர் கழன்று இரும்பில் பட்டால், அந்தக் கரண்ட் எர்த் கம்பி வழியாக ஓடி டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டும். வழியில் தடை குறைவாக இருந்தால் பிரேக்கர் பட்டென்று விழுந்து கரண்ட்டை நிறுத்திவிடும். தடை அதிகமாக இருந்தால் பிரேக்கர் விழாது. மெஷினைத் தொட்டவர்தான் விழுவார். அந்தத் தடையைத்தான் அளக்கிறோம். முதலில் சப்ளையை நிறுத்திக் கம்பியை மட்டும், பிறகு சப்ளை கொடுத்து முழுச் சுற்றையும்.

அன்றைக்கே சீசன் பூஜை. எல்லா மெஷினுக்கும் புதுப் பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்து, நல்ல நேரத்தில் ஸ்விட்ச் போடுவது அங்கே வழக்கம். பழம் கழுவும் தொட்டி பச்சைப் பசேலென்று கல்யாணப் பெண் மாதிரி நின்றது. எர்த் கம்பியின் நுனியில் மீட்டர் கிளிப்பை மாட்டினேன். தடை பூஜ்யம் புள்ளி இரண்டு ஓம், அருமையான எண். எழுதப் போனேன்.

"அண்ணா, வயர்மேலயே மாட்றியே. நாங்க வயரயா தொட்றோம்? தொட்டியத்தான தொட்டுக்கினு நிக்கிறோம்."

பூஜைக்காகத் தரையைக் கழுவிக்கொண்டிருந்த பெண். நகரிப் பக்கத்து ஊர்க்காரி. சீசன் முழுக்க அந்தத் தொட்டியில்தான் அவளுக்கு வேலை, கணுக்கால் தண்ணீரில், வெறுங்காலோடு.

"உன் வேலையப் பாரும்மா. இருபது வருஷமா இதத்தான் பண்றேன்" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் நகரவில்லை. "போன சீசன்ல ஜிவ்வு ஜிவ்வுனு இழுத்துச்சுண்ணா. சொன்னா, ஈரக் கையில அப்டித்தான் இருக்கும்னுட்டாங்க."

அவள் வாயை அடைப்பதற்காகத்தான் செய்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். தொட்டியின் ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டி, கிளிப்பை இரும்பில் மாட்டினேன். மீட்டர் ஒரு தரம் நாற்பது என்றது. ஒரு தரம் இணைப்பே இல்லை என்றது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். எர்த் கம்பியை அவிழ்த்து வைத்துவிட்டு, இரும்பு முழுக்கப் பெயிண்ட் அடித்து, அதற்கு மேலேயே கம்பியைத் திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். ஒரு வருஷம் இல்லை, வருஷா வருஷம். படலம் படலமாக உரிந்து வந்தது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். அந்த எழுதினவன் நான்தான்.

முதலாளி ஓடி வந்தார். "ஏமய்யா, புதுப் பெயிண்ட்ட இப்டி கீறி வெச்சிருக்க? ஐயர் வந்துட்டாரு. அரை மணில ராகுகாலம். இப்ப கையெழுத்து போடு, நாளைக்கு சரி பண்ணிக்கலாம்."

"ராகுகாலம் மெஷினுக்கு இல்ல சார். இந்தப் பொம்பளைங்களுக்கு!"

நான் கத்தினதில் ஐயர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முதலாளி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பூஜை மத்தியானத்துக்குத் தள்ளிப் போனது. பதினோரு மெஷினிலும் போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, கம்பியை மாட்டினேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி வியர்த்திருந்தேன்.

கடைசியில் சப்ளை கொடுத்து, கழுவும் தொட்டியின் இரும்பிலேயே அளந்தேன். எண் நன்றாக வந்தது. மோட்டாரை ஓட விட்டேன். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவள் வந்து ஈரக் கையைத் தொட்டிமேல் வைத்தாள்.

"இழுக்கலண்ணா" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்: "போன வருஷமும் நீதானண்ணா வந்து பாத்த?"

"ஆமாம்மா."

அவள் தலையை ஆட்டினாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் கைக்குப் பக்கத்தில் நானும் கையை வைத்தேன். நாலு வருஷத்தில் அந்தத் தொட்டியை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.