ஸ்டார்போர்டும் ஒரு பரிசலும்

நான் நாலாம் ஃபாரத்தோடு படிப்பை நிறுத்தியவன். மைசூரில் பி.ஏ. முடித்த என் அண்ணனைக் கிண்டல் செய்வதுதான் அப்போது எனக்கு முழுநேர வேலை. இரண்டு இடம் தட்டிப்போன பிறகு, அவனுக்குப் பெண் பார்க்கக் காவிரிக்கு அக்கரையிலிருந்த தலக்காட்டுக்குப் போனோம். பெண்ணின் அப்பா இக்கரைக்கே வந்து எங்களைப் பரிசலில் ஏற்றிக்கொண்டார்.

பாதி ஆற்றில் அண்ணன் ஆரம்பித்தான். "கப்பலோட வலப்பக்கத்துக்கு ஸ்டார்போர்டுன்னு பேருங்க. நட்சத்திரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பழைய ஜெர்மானிய மாலுமிங்க வலப்பக்கம் ஒரு பலகையக் கட்டித்தான் கப்பலத் திருப்புனாங்க. திருப்புற பலகை, அவ்ளோதான் அர்த்தம்."

பெண்ணின் அப்பா வாயைப் பிளந்து கேட்டார். கல்யாணமே நிச்சயமாகிவிடும் போலிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"வட்டமான பரிசலுக்கு எதுண்ணா வலப்பக்கம்? கொஞ்சம் ஓட்டிக் காட்டேன்."

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பரிசல்காரரிடம் துடுப்பை வாங்கினான். முன்பக்கம் போட்டு இழுக்க வேண்டியதை, மாலுமி மாதிரி வலப்பக்கமே போட்டு வலித்தான். பரிசல் இருந்த இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. தாம்பூலத் தட்டிலிருந்த எலுமிச்சம்பழங்கள் உருண்டன.

"இப்ப ஸ்டார்போர்டு எந்தப் பக்கம்ணா?" என்று நான் விடாமல் கேட்டேன்.

பெண்ணின் அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார். "மாப்ளே, பொண்ணக் குடுக்கறேன்! மொதல்ல அந்தத் துடுப்ப அவர்கிட்டக் குடுங்க!"