அண்ணன் பூசிய சிவப்பு

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. காலைத் திருப்பலிக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்கும் வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். அண்ணனின் உழைப்பையும் பொறுமையையும் பற்றி இதில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவை எல்லாம் உண்மை. அவருடன் அதிக காலம் ஒரே கூரையின்கீழ் இருந்தவன் நான். அவர் ஏன் ஒரு நண்பர்கூட இல்லாமல் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார் என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். "அவர் சுபாவம் அப்படி" என்று சொல்லி வந்தேன். அது பொய். இளமையில் அவர் சுபாவம் அப்படி இல்லை.

அண்ணன் பிறந்தது ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்த சந்தில். அப்பா துறைமுகத்தில் பாரம் தூக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்தார். அவர் இறந்தபோது நான் தொடக்கப் பள்ளியில் இருந்தேன். அண்ணன் அன்றோடு படிப்பை விட்டார். என்னை மட்டும் விடச் சொல்லவில்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் பாதி காலியானபோது, அவர் பட்டாளத்து லாரிகளில் ஏறி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். போர் முடிந்து, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுச் சென்ற பழைய காரை வாங்கித் துறைமுக வாசலில் வாடகைக்கு ஓட்டினார். அந்த வருமானத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன்.

அந்த நாட்களில் அண்ணனுக்கு உயிர் நண்பர் ஒருவர் இருந்தார். தண்டையார்பேட்டையில் தகரப் பட்டறை வைத்திருந்த காதர் பாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணன் நேரே பட்டறைக்குப் போய்க் கவிழ்த்த டிரம் ஒன்றில் உட்கார்ந்துவிடுவார். "சாமியாரு பிரசங்கம் முடிஞ்சிச்சா? இனிமே என் பிரசங்கத்த கேளு" என்பார் பாய். இருவர் சிரிப்பும் தெருமுனைவரை கேட்கும். மதியச் சாப்பாட்டுக்கு அண்ணனை அழைத்துவர அம்மா என்னைத்தான் அனுப்புவார். அழைத்துவருவது எளிதாக இருக்காது.

கடற்காற்றில் எங்கள் பக்கம் எந்த இரும்பும் நிலைப்பதில்லை. காரின் பெட்ரோல் டேங்க் உள்ளும் புறமும் துருப்பிடித்து, துருத்தூள் குழாயை அடைத்து, வண்டி வழியெல்லாம் நிற்கத் தொடங்கியது. அந்தக் காருக்குப் புது டேங்க் எங்கும் கிடைக்கவில்லை. காதர் பாய் நல்ல தகடாகத் தேடிப் பிடித்து, வெட்டி, மடித்து, ஈயம் பற்றவைத்து, தம் கையால் ஒன்றைச் செய்து கொடுத்தார். அதை வாங்க அண்ணனோடு நானும் போயிருந்தேன்.

"இந்தா பாரு தோஸ்து. ஒன் வண்டி பூட்டாலும் இது பூவாது," என்றார் பாய். "ஆனா மேல் பக்கத்த மட்டும் பாத்துக்கோ. அடிப்பக்கம் ஓடற ஓட்டத்துல காஞ்சிடும். மேலதான் மண்ணும் ஈரமும் ஏறிக் குந்திக்கும். குந்திச்சின்னா எழுந்துக்காது, மாமியாரு மாதிரி."

"எனக்கு ஏதுப்பா மாமியாரு?"

"அதனாலதான் நீ நல்லா கீற."

பிறகு பாய் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். படிக்கிற பிள்ளை, நினைவில் வைத்துக்கொள்வான் என்று. "மொதல்ல சோடா போட்ட வெந்நீர்ல கழுவணும் தம்பி. ஈயம் வெச்ச எடத்துல ஆசிட் ஒட்டினு கீது. காஞ்சப்புறம் செவப்பு, ரெண்டு கை. ஒரு கை காஞ்சாதான் அடுத்த கை. அப்பாலதான் கறுப்பு. சும்மா கறுப்ப மட்டும் அடிச்சினா வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள தின்னுகினே இருக்கும்."

சிவப்பு என்று அவர் சொன்னது கப்பல்களின் அடிப்பாகத்துக்குப் பூசும் ஈய வர்ணம். துறைமுகத்தை ஒட்டி வாழ்கிறவர்கள் வீட்டுக் கதவின் கொண்டிக்குக்கூட அதைத்தான் பூசுவோம். கார் ஓடாத அந்த நாட்களில் அண்ணன் துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போனார். வீடு திரும்பும்போது வெளிச்சம் இருக்காது. "தம்பி, நீயே பூசிடு" என்று என்னிடம் கொடுத்தார். அவர் எனக்கு அதுவரை கொடுத்த ஒரே வேலை அதுதான்.

அடிப்பக்கத்தையும் நான்கு புறங்களையும் பாய் சொன்னபடியே செய்தேன். கழுவினேன், காயவைத்தேன், சிவப்பை இரண்டு முறை பூசினேன். அந்த வர்ணத்தை மடிப்பு ஓரங்களில் துணியில் தோய்த்து விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கை சிவந்துவிடும். மண்ணெண்ணெய் போட்டாலும் நகக்கண்ணில் நிற்கும். மேல்பக்கத்தைச் செய்யத் திருப்பி வைத்தபோது, கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு கம்பெனியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. என்னுடன் படித்தவர்கள் பலரும் அங்கே வருவார்கள். சிவந்த விரல்களோடு அந்த மேசைக்கு முன் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. வர்ண டப்பாவை மூடினேன். கையைத் தேய்த்துக் கழுவினேன்.

வேலை கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில், மேல்பக்கத்தைக் கழுவாமலும் சிவப்புப் பூசாமலும், நீளக் காம்பு வைத்த பிரஷால் டேங்க் முழுவதும் கறுப்பை அடித்துவிட்டேன். கையில் ஒரு சொட்டுப் படவில்லை.

"மேல் பக்கமும் ஆச்சா தம்பி?" என்று அண்ணன் கேட்டார்.

"ஆச்சுண்ணே."

அவர் அதைத் தட்டிப் பார்த்தார். கண்டாமணிபோல் ஒலித்தது. மேல்பக்கம் காரின் தரையோடு ஒட்டிக்கொள்ளும்படி இரும்புப் பட்டைகளால் இறுக்கி மாட்டினார். அதன்பின் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது டேங்க் ஒழுகத் தொடங்கியது. அது தெரிந்தது, டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டு வந்த ஒரு காலை, துறைமுக வாசலில், எல்லா வண்டிகளும் வரிசையாக நின்ற இடத்தில். வேலைக்குப் போகும் வழியில் நானும் அங்கே இருந்தேன். "யோவ், பீடிய அணை! பெட்ரோலு ஊத்தினு கீது!" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் சேர்ந்து அண்ணனின் காரைத் தள்ளிக்கொண்டுபோய்த் தூரத்தில் விட்டார்கள். அண்ணனைவிட வயதில் சிறிய டிரைவர் ஒருவர் வந்து, "அண்ணாத்தே, கோச்சிக்காத. இந்த வண்டிய இனிமே இங்க இட்டாராத. எங்க வண்டியும் சேந்து எரியும்" என்றார். அண்ணன் நேரே பட்டறைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"இன்னா பாய், கலீஜு தகரத்த வெச்சி என்னிய ஏமாத்திட்டியா?"

பட்டறையில் வேலை நின்றது. தெருவில் போனவர்களும் நின்றார்கள். காதர் பாய் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"நானா? ஒன்னியா? இன்னா தோஸ்து பேசற? மேல செவப்பு அடிச்சியா?"

"என் தம்பி அடிச்சான். காலேஜு படிச்ச புள்ள. அவன் பொய் சொல்லுவானா?"

பாய் என்னைப் பார்த்தார். "அடிச்சியா தம்பி?"

"அடிச்சேன் பாய்," என்றேன்.

இதுவரை நான் எழுதியது சோம்பல், வெட்கம், இளமைத் தவறு என்று யாராவது மன்னிக்கலாம். இந்த இரண்டு சொற்களுக்கு அப்படிப் பெயர் சொல்ல முடியாது. கேட்டவர் மூத்தவர். கேட்டது தெருவார் முன்னிலையில். உண்மை எனக்கு நன்றாகத் தெரியும்.

"அப்ப டேங்க கயட்டினு வா. பாக்கலாம்," என்றார் பாய்.

அன்று நான் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். அண்ணன் தனியாகவே டேங்க்கைக் கழற்றினார். மாலையில் வீடு திரும்பியபோது அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய விரல்கள் சிவந்திருந்தன. அதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. பழுது பார்த்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓர் ஆயுள் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை டேங்க்கைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். பாய் மேல்பக்கத்தைப் பார்த்துவிட்டு, தம் தகரம்தான் சரியில்லை என்று எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டாராம். அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவரிடம் டேங்க் செய்ய யாரும் வரவில்லை. வாளியும் எண்ணெய் அளக்கும் படியும் செய்து காலம் தள்ளினார். அண்ணன் காரை உதிரியாக விற்றுவிட்டு, ஒரு கிடங்கு முதலாளியின் லாரியில் டிரைவராகப் போனார். டேங்க்கை மட்டும் விற்கவில்லை. பின்கட்டில், சுவரோரமாக, கோணி போட்டு மூடி வைத்தார்.

அண்ணன் திருமணம் செய்துகொள்ளவில்லை. எனக்குச் செய்துவைத்தார். பட்டறைத் தெரு வழியாகப் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் சுற்றிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தனியாகக் கடலோரம் போய், அலையைத் தடுக்கப் போட்ட கருங்கற்களில் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டு நேரத்துக்குத் தாமே எழுந்து வந்துவிடுவார். அழைக்கப் போகவேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. காதர் பாய் இறந்த அன்று அண்ணன் தெருவின் எதிர்ப்புறம் நின்றதைப் பார்த்தேன். உடலைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிச் சென்றபோது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அருகே போகவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகும் கோபம் தீரவில்லையே என்று அவரைப்பற்றிக் குறையாக நினைத்தேன். பொய் சொன்ன நான் நினைத்தேன்.

ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் அவர் அந்த டேங்க்குக்கு எண்ணெய் தடவினார். ஏமாற்றிய நண்பனை மறக்காமலிருக்கத் தடவுகிறார் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டோம்.

அண்ணன் படுக்கையில் விழுந்தபின் ஒருநாள் மேகம் இருட்டியது. "மழ வருதா தம்பி? டேங்குக்கு எண்ண தடவினியா?" என்று கேட்டார். தடவிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போய், கோணியை விலக்கி, துணியில் எண்ணெயைத் தோய்த்துத் தடவினேன். நான் அதைத் தொட்டது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. அடியும் ஓரங்களும் வழவழப்பாக இருந்தன. கறுப்பு, அதன்கீழ் நான் பூசிய சிவப்பு, அதன்கீழ் நல்ல தகடு. மேல்பக்கத்திலும் சிவப்பு இருந்தது. ஆனால் அந்தச் சிவப்பு துருவின்மேல் இருந்தது. துரு தின்ற குழிகளுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. சிவப்பின்மேல் ஆங்காங்கே கறுப்பையும் ஒற்றி வைத்திருந்தார். துரு முதலில் வந்தது. சிவப்பு பிறகு வந்தது. அதைப் பூசிய கை என்னுடையதல்ல.

உள்ளே வந்து கட்டிலருகே நின்றேன். "அண்ணே, அந்த மேல் பக்கம்..." என்று தொடங்கினேன்.

"நல்லா தடவினியா?"

"தடவினேன் அண்ணே."

"அது போதும்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பின் அவர் அதைப் பேச விடவில்லை. சில நாட்களில் பேச்சே நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் காதர் பாயின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்கட்டில் கைகழுவப் போனவர் டேங்க்கைப் பார்த்துவிட்டு நின்றார்.

"எங்க அத்தா செஞ்சது தானே மாமா இது? இன்னும் வெச்சினு கீறீங்களா?"

அவரே சொன்னார்: "பெயிண்டு ஈரமா இருந்துச்சின்னு அத்தா சொல்லுவாரு. தொட்டாராம், வெரல்ல ஒட்டிக்கிச்சாம். பெரிய மாமா மூஞ்சியப் பாத்தாராம். தம்பிய வுட்டுக்குடுக்க முடியாம வந்து நிக்கறவன் கிட்ட நான் இன்னா பேசறதுன்னு, தப்பு என்னுதுன்னு சொல்லிட்டாராம். அப்பால பெரிய மாமா வருவாரு, வருவாருன்னு அந்த டிரம்ம எடுக்கவே வுடல."

அண்ணன் கோபத்தால் விலகவில்லை. என் பொய்யைத் தம் கையால் பூசி மறைத்துவிட்டு, அந்தக் கையோடு நண்பன் முன் உட்கார முடியாமல் விலகினார். டிரம் அங்கே காத்திருந்தது. இவர் கருங்கல்லில் உட்கார்ந்திருந்தார். இடையில் நடந்துபோகும் தூரம்தான்.

அண்ணனின் கடைசி நாட்களில் உதவிய அண்டைவீட்டாருக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், பங்குத் தந்தைக்கும், தோள் கொடுத்த இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காதர் பாயின் குடும்பத்துக்கு நன்றி என்று எழுத எனக்குத் தகுதியில்லை. ஒன்றை மட்டும் அச்சில் வைக்கிறேன்: காதர் பாயின் தகரத்தில் எந்தக் குறையும் இல்லை.

டேங்க்கை முன்வாசலில் ஒரு பெஞ்சின்மேல் எடுத்து வைத்திருக்கிறேன். வந்திருப்பவர்கள் மேல்பக்கத்தில் விரல் வைத்துப் பார்க்கலாம். இதற்குப் பாயின் மகளிடம் அனுமதி கேட்டபோது அவர், "இப்போ இன்னாத்துக்கு மாமா? ரெண்டு பேரும்தான் பூட்டாங்களே" என்றார்.

"நான் இருக்கிறேனே அம்மா," என்றேன்.